நத்தை ஓடுகளைக் கொண்டு பனியுகக் காற்றடி வண்டலின் வயதைக் கணிக்கும் முறை

லோயஸ் எனப்படும் காற்றடி வண்டலில் செங்குத்தாக நிற்கும் ஒரு சுவரின் முன் போய் நின்றால் முதலில் தெரிவது வெளிர்மஞ்சள் நிறம் மட்டுமே. முகத்தை ஒரு முழத்திற்குள் கொண்டு போனால்தான், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் அந்த மஞ்சளுக்குள் அங்கங்கே புதைந்திருப்பது தெரியும். அவை நிலவாழ் நத்தைகளின் ஓடுகள். பனியாறுகள் அரைத்துத் தள்ளிய மாவு போன்ற துகளை ஆறுகள் சமவெளிகளில் பரப்பின. ஆற்றுப்படுகைகள் வறண்ட காலங்களில் காற்று அதை அள்ளிச் சென்று புல்வெளிகளின் மேல் தூவியது. புல்லுக்கடியில் வாழ்ந்த நத்தைகள் இறந்த இடத்திலேயே தூசியால் மூடப்பட்டன. ரைன், டான்யூப், மிசிசிப்பி ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் கடைசிப் பனியுகத்தின் லோயஸ் பல மீட்டர் தடிமனுக்குக் கிடக்கிறது. அதில் நத்தை ஓடு கிடைக்காத அடுக்குகளைவிடக் கிடைக்கும் அடுக்குகளே பல இடங்களில் அதிகம்.

இந்த வண்டலை நீர் கொண்டு வந்ததா, காற்று கொண்டு வந்ததா என்பது 19ஆம் நூற்றாண்டின் பெரிய வழக்குகளில் ஒன்று. 1830களில் ரைன் பள்ளத்தாக்கு லோயசை ஆராய்ந்த நிலவியலாளர் சார்லஸ் லயல் அதிலுள்ள நத்தைகளைக் கவனமாகப் பதிவு செய்தும், அதை நீர்ப்படிவு என்றே கருதினார். சீனத்தில் நெடும்பயணம் செய்த ஜெர்மானியப் புவியியலாளர் ஃபெர்டினான்ட் ஃபான் ரிக்டோஃபன் 1877இல் காற்றே காரணம் என்று வாதிட்டபோது, நிலநத்தைகள் நிறைந்தும் நீர்நத்தைகள் அரிதாகவும் இருப்பது அவர் பக்கத்துக்கு வலுவான சான்றாயிற்று. அன்று படிவின் தோற்றத்துக்குச் சாட்சி சொன்ன அதே ஓடுகளிடம் இன்று நாம் வயதைக் கேட்கிறோம்.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வகம் திருப்பி அனுப்பும் எண் அந்த ஓட்டின் வயது. நமக்கு வேண்டியதோ அந்த ஓடு கிடந்த அடுக்கின் வயது. இரண்டும் ஒன்றே என்று காட்டும் பொறுப்பு மண்ணைத் தோண்டியவருடையது, இயந்திரத்தை இயக்கியவருடையது அல்ல. கீழே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியை அடைப்பதற்கானவையே.

எந்த முறை எவ்வளவு தூரம் போகும்

நத்தை ஓட்டைக் கொண்டு வயது காண நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது கதிரியக்கக் கார்பன் முறை. உயிர் இறந்த பிறகு சிதைந்து குறைந்துகொண்டே போகும் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள் என்பதால், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு அளப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. 40,000ஐத் தாண்டிய எந்த எண்ணையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் வாசிப்பேன். இரண்டாவது, ஓட்டுக்குள் அடைபட்ட புரதத்தின் அமினோ அமிலங்கள் காலப்போக்கில் வடிவம் மாறுவதை அளக்கும் முறை. இது பல லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லும், ஆனால் பெரும்பாலும் ‘இது அதைவிட மூத்தது’ என்ற வரிசையை மட்டுமே உறுதியாகச் சொல்லும். யுரேனியம் சார்ந்த முறை நத்தை ஓட்டுக்குப் பொருந்துவதில்லை, ஏனெனில் புதைந்த பிறகும் யுரேனியம் ஓட்டுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே தோண்டத் தொடங்கும் முன்பே சுவரின் எந்தப் பகுதி எந்த முறைக்கு உரியது என்று உத்தேசமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சீனத்தின் லோயஸ் பீடபூமியில் படிவு ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. அங்கே கதிரியக்கக் கார்பன் எட்டுவது உச்சியிலுள்ள மிகச் சிறு பகுதியை மட்டுமே. மாறாக, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் பியோரியா லோயஸ் கடைசிப் பனியுகத்தின் பிற்பகுதியில் படிந்தது என்பதால் முழுவதும் இந்த முறைக்குள் அடங்குகிறது.

ஓட்டுக்குள் கார்பன் வரும் வழி

இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டைத் தேர்ந்தெடுத்தால் மற்ற எல்லாக் கவனமும் வீண். நத்தை தன் ஓட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கான கார்பன் மூன்று வாயில்களில் வருகிறது: தின்ற செடியிலிருந்தும் மட்கிலிருந்தும் மூச்சின் வழியே, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து, கால்சியத்துக்காகச் சுரண்டித் தின்னும் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புத் தூசி ஆகியவற்றிலிருந்து. முதல் இரண்டும் அந்தந்தக் காலத்துக் கார்பன்-14 அளவைக் கொண்டவை. மூன்றாவது பல கோடி ஆண்டு பழைய பாறை. அதில் கார்பன்-14 துளியும் இல்லை. இதைச் ‘செத்த கார்பன்’ என்பார்கள். லோயசே பல இடங்களில் 10 முதல் 30% வரை கார்பனேட்டைக் கொண்டது என்பதால், அதன் மேல் வாழ்ந்த நத்தைக்கு இந்த மூன்றாம் வாயில் எப்போதும் திறந்தே இருந்தது.

இந்தக் கலப்பு வயதை எவ்வளவு கூட்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஓட்டின் கார்பனில் 5% செத்த கார்பன் என்றால் வயது ஏறத்தாழ 410 ஆண்டு கூடுதலாகத் தெரியும். 10% என்றால் சுமார் 850 ஆண்டு. 30% என்றால் 2,900 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை ஓடு எவ்வளவு பழையதானாலும் மாறுவதில்லை என்பது. ஜமைக்காவின் நத்தைகளை ஆராய்ந்து குட்ஃபிரெண்டும் ஸ்டிப்பும் 1983இல் வெளியிட்ட முடிவும் இதே அளவைத்தான் காட்டியது: சுண்ணாம்புக்கல் நிலத்து நத்தைகளின் ஓடுகள் 3,000 ஆண்டு வரை மூத்தவையாகத் தோன்றின. அதற்குப் பிறகு நீண்ட காலம் ‘நத்தை ஓட்டைத் தொடாதே’ என்பதே பொது அறிவுரையாக இருந்தது.

அந்த அறிவுரை பெரிய நத்தைகளுக்குச் சரி. சிறியவற்றுக்கு முழுவதும் சரியல்ல. பிகாட்டியும் உடன் ஆய்வாளர்களும் வட அமெரிக்காவின் சுண்ணாம்பு நிலங்களில் வாழும் 46 சிற்றினச் சிறு நத்தைகளின் இக்கால ஓடுகளை 247 முறை அளந்து 2010இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ 78% அளவீடுகளில் செத்த கார்பன் தென்படவில்லை. 12% அளவீடுகளில் 5 முதல் 10% வரை இருந்தது. 10%ஐத் தாண்டியவை 3% மட்டுமே. வேண்டுமென்றே மிக மோசமான நிலங்களைத் தேர்ந்து செய்த சோதனை அது என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நத்தைகளைத் தேர்வது, அவற்றிலும் சக்சினிடே குடும்பத்தைச் சேர்ந்தவற்றை முதலில் தேடுவது என்பதே இன்றைய நடைமுறை. ஐரோப்பிய லோயசில் இந்தக் குடும்பத்தின் சக்சினெல்லா ஒப்லாங்கா ஏராளமாகக் கிடைக்கிறது. 6 முதல் 8 மி.மீ. உயரமும், பெருத்த கடைசிச் சுற்றும், அகன்ற வாயும் கொண்ட மெல்லிய ஓடு அது. அதற்கடுத்துப் பீப்பாய் வடிவப் பியூப்பில்லா, தட்டையான வல்லோனியா, டிரோக்குலஸ் ஹிஸ்பிடஸ் ஆகியவை. அரியாண்டா போன்ற பெரிய ஓடு ஒன்றே போதிய எடை தருமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

சிறு நத்தைகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அவை ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றன. கரித்துண்டைக் கொண்டு வயது காணும்போது அந்த மரம் எரிவதற்கு முன் எத்தனை நூறு ஆண்டு நின்றதோ என்ற ஐயம் எழுவதுபோல் இங்கே எழ இடமில்லை.

சுவரின் முன்

லோயஸ் செங்குத்தாக நிற்கும். ஆனால் விழுவதற்கு முன் எச்சரிக்கை தராது. மேலே விரிசல் தெரிகிறதா என்று முதலில் சுவரின் உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் அடியில் நிற்க வேண்டும். மழைக்குப் பிந்தைய நாள்களிலும், தனியாகவும் இந்த வேலை வேண்டாம். உயரமான சுவரைப் படிக்கட்டுப்போல் வெட்டிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மட்டும் வேலை செய்வது பாதுகாப்பானது.

வெளிமுகத்தை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே செதுக்கி எடுத்துவிட வேண்டும். மழைநீரில் மேலிருந்து வழிந்து ஒட்டிய மண்ணும், அதோடு இறங்கிய இளைய ஓடுகளும், வெயில்பட்ட பகுதியும் இதில் போய்விடும். பிறகு அளவு நாடாவைத் தொங்கவிட்டு, ஒரு ஓட்டைக்கூட எடுக்காமல், முழுச் சுவரையும் எழுதி வரைய வேண்டும். நிறம், துகளின் பருமன், சுண்ணாம்பு உருண்டைகள், வேர் சென்ற தடங்கள், கரும்பழுப்புத் தொல்மண் (புதைந்துபோன பழைய மேல்மண்) அடுக்குகள், உறைநில ஈரத்தில் உருவான சாம்பல்நிற அடுக்குகள் ஆகிய அனைத்தும் ஆழத்தோடு பதிவாக வேண்டும். இந்த வரைபடத்துக்கு ஒரு முழுநாள் ஆனால் ஆகட்டும். பின்னால் ஏதேனும் ஒரு வயது முரண்படும்போது கையில் இருக்கப் போகும் ஒரே சாட்சி இதுதான்.

இரண்டு அறிகுறிகளைக் குறிப்பாகத் தேட வேண்டும். ஒன்று, வளை தோண்டும் விலங்குகளின் பழைய பொந்துகள். இவை பின்னாளில் மேல்மண்ணால் நிரம்பிச் சுவரில் கரிய வட்டங்களாகவோ நீள்வட்டங்களாகவோ தெரியும். அவற்றிலிருந்து இரு சாண் தூரத்துக்குள் மாதிரி எடுக்கக் கூடாது. மற்றொன்று, நீர் அரித்துச் சரிவில் இறக்கிய மண். அசல் லோயசில் படலங்கள் தெரியாது, ஓடுகள் முழுமையாகவும் பல திசைகளில் கிடந்தும் இருக்கும். மெல்லிய படலங்கள் தெரிந்து, ஓடுகள் உடைந்தும் உருண்டு தேய்ந்தும் ஒரே கோட்டில் வரிசையாகக் கிடந்தால், அவை வேறிடத்திலிருந்து, வேறு காலத்திலிருந்து வந்தவை. அத்தகைய அடுக்கிலிருந்து எத்தனை துல்லியமான எண் வந்தாலும் அந்த எண் அடுக்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாதிரியைக் கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலே தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்குகளின் மேல் விழும். ஒவ்வொரு மாதிரியும் 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மேற்படாமல், ஏறத்தாழ 10 கிலோ எடையில் இருக்கட்டும். அவ்வளவு மண் தேவையா என்று முதல் நாள் தோன்றும். சல்லடையில் மிஞ்சும் கைப்பிடியைப் பார்த்த பிறகு தோன்றாது. துணிப்பைக்குப் பதில் தடித்த நெகிழிப் பையைப் பயன்படுத்துவதும், ஆழம் எழுதிய சீட்டை ஒரு சிறு பைக்குள் இட்டு மண்ணோடு உள்ளேயும் வெளியே இன்னொன்றும் வைப்பதும் நல்லது. ஒருமுறை வெளியில் மட்டும் எழுதிய மை ஈரத்தில் கரைந்துபோய், மூன்று பைகளின் ஆழம் எதுவென்று தெரியாமல் அவ்வளவையும் கொட்டிவிட்டேன். தொல்மண் அடுக்குகளின் எல்லைகளிலும், படிவின் வேகம் மாறுவதாகத் தோன்றும் இடங்களிலும் மாதிரிகளை நெருக்கமாக எடுக்க வேண்டும். ஒரே சீராகத் தெரியும் நடுப்பகுதிக்கு அரை மீட்டருக்கு ஒன்று போதும்.

சல்லடையும் நுண்ணோக்கியும்

மண்ணை நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். காய்ந்த லோயஸ் தண்ணீரைத் தொட்டதும் குமிழிவிட்டுத் தானாகக் கரையும். ஈரமாகவே இறக்கினால் களிபோல் நின்றுகொண்டு கையால் பிசையச் சொல்லும், பிசைந்தால் ஓடுகள் உடையும். காற்று அடைபட்ட முழு ஓடுகள் நீரின் மேல் மிதந்து வரும். அவற்றை மெல்லிய வலையால் அள்ளித் தனியே வைக்க வேண்டும். மீதியை 0.5 மி.மீ. கண் கொண்ட சல்லடையில் ஊற்றி, தண்ணீரை நேராகப் பாய்ச்சாமல் சல்லடையை நீரில் அமிழ்த்தி ஆட்டியே சலிக்க வேண்டும். கரைவதற்கு உதவுமென்று அமிலமோ சோடா உப்போ சேர்க்கக் கூடாது. அமிலம் ஓட்டைத் தின்னும், சோடா உப்பு வேண்டாத கார்பனைக் கொண்டுவரும். சல்லடையில் தங்கியதை 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் உலர்த்தினால் போதும், ஏனெனில் அதிக வெப்பம் பின்னால் செய்யப்போகும் அமினோ அமிலச் சோதனையைக் கெடுத்துவிடும்.

இனி இடுக்கியும் ஈரத் தூரிகையுமாக இருகண் நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கும் வேலை. ஓடுகளைச் சிற்றினவாரியாகப் பிரித்து எண்ணுவதை வயதுக்குத் தொடர்பில்லாத வேலை என்று தள்ளிவிடக் கூடாது. குளிர்ப்புல்வெளி நத்தைகள் நிறைந்த அடுக்கில் கதகதப்பான காட்டு நத்தை ஒன்றிரண்டு தலைகாட்டினால், கலப்பு நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம். இங்கே ஒரு திருடனையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்: செசிலியாய்டஸ் அசிக்குலா. ஊசிபோல் ஒடுங்கிய, கண்ணாடிபோல் பளபளக்கும், 5 மி.மீ. அளவு ஓடுகொண்ட இந்தக் குருட்டு நத்தை மண்ணுக்குள்ளேயே வாழ்வது. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி அங்கே இறக்கும். பனியுக அடுக்கில் அது கிடைத்தால் அது பனியுகத்தது அல்ல. அதைப் பொறுக்கி எறிவதோடு நில்லாமல், அது நுழைந்த வழியாக வேறென்ன நுழைந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

ஓட்டைச் சோதித்துக் கழுவுதல்

முழுமையான, வெளிவரிகள் கூர்மையாகத் தெரியும், சுண்ணாம்புப் பூச்சு படியாத ஓடுகளை எடுத்துக்கொள்ளவும். நில நத்தையின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. மண்ணில் கரைந்து மீண்டும் படியும் சுண்ணாம்பு கால்சைட்டாக வரும். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்டின் இரு படிக வடிவங்கள். ஆகவே ஓட்டில் கால்சைட் தென்பட்டால் புதைந்த பிறகு வெளியார் கார்பன் நுழைந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு வசதி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால், அதே அடுக்கின் ஓரிரு ஓடுகளைத் தியாகம் செய்து, இந்த இரு கனிமங்களையும் பிரித்துக் காட்டும் சாயமான ஃபைக்ல் கரைசலில் இடலாம்: அரகோனைட் சில நிமிடங்களில் கறுக்கும், கால்சைட் வெளுத்தே நிற்கும். கறுத்த ஓட்டின் வாய் விளிம்பில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அந்த அடுக்கின் எல்லா ஓடுகள்மீதும் ஐயம் கொள்ள வேண்டியதுதான். சாயமிட்டதை வயதுக்கு அனுப்பக் கூடாது. ஓடில்லா நத்தைகளின் உடலுக்குள் இருக்கும் சிறு தகடுகள் இயல்பிலேயே கால்சைட்டால் ஆனவை. அவை தட்டில் கலந்திருந்தால் இந்தச் சோதனை வீணான பயத்தைத் தரும்.

தேர்ந்த ஓட்டின் சுற்றுகளுக்குள் லோயஸ் கெட்டியாக அடைந்திருக்கும். இதை அலட்சியம் செய்வதே நான் அதிகம் பார்த்த தவறு. வெளிப்புறம் முத்துப்போல் மின்னும் சக்சினெல்லாவின் உட்சுற்றில் ஒரு மில்லிகிராம் தூசி ஒளிந்திருந்தாலும், அந்தத் தூசியிலுள்ள பழைய சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்து வயதைக் கூட்டிவிடும். எனவே நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் கடைசிச் சுற்றை அழுத்தி ஓட்டைத் திறந்து, உட்புறத்தைத் தூரிகையால் துடைத்து, தூய நீரில் மீயொலித் தொட்டியில் சில விநாடிகள் வைத்து, நீரை மாற்றி மீண்டும் வைத்து, நீர் கலங்காமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். நடுத்தண்டைச் சுற்றிய பள்ளம் கடைசியாகத்தான் சுத்தமாகும். அங்கே மஞ்சள் தெரிந்தால் வேலை முடியவில்லை.

எவ்வளவு ஓடு தேவை என்பது எளிய கணக்கு. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 12% கார்பன். வழக்கமான அளவீட்டுக்கு 1 மில்லிகிராம் கார்பன் வேண்டுமென்றால் 8.3 மில்லிகிராம் சுத்தமான ஓடு வேண்டும். அமிலத்தில் பாதியைக் கரைத்துவிடப் போவதால் 17 அல்லது 20 மில்லிகிராமோடு தொடங்க வேண்டும். ஒரு சிறு ஓடு சில மில்லிகிராமே இருக்கும் என்பதால் பலவற்றைச் சேர்க்க வேண்டி வரும். அப்படிச் சேர்த்தால் வருவது சராசரி வயது, அதில் ஒரு கள்ள ஓடு கலந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கார்பனை வாயுவாகவே ஏற்று, அந்த ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கும் இயந்திரங்கள் இப்போது உள்ளன. அவை கைக்கு எட்டுமானால், துல்லியம் சற்றுக் குறைந்தாலும், ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாக அளப்பதையே நான் விரும்புவேன்.

அளவீடு

ஓட்டின் மேற்பரப்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 முதல் 50% வரை கரைத்துவிட்டு, தாமதிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். புதிதாகத் திறந்த பரப்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். பிறகு வெற்றிடத்தில் பாஸ்பாரிக் அமிலத்தால் ஓட்டைக் கரைத்து, வெளிவரும் வாயுவை உறையவைத்துத் தூய்மையாக்கி, ஹைட்ரஜனோடு இரும்புத்தூளின் மேல் சூடாக்கிக் கிராஃபைட்டாக மாற்றி, முடுக்கி நிறை நிறமாலைமானியில் அளப்பார்கள். இது ஆய்வகத்தின் வேலை. நாம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: நம் மாதிரிகளோடு சேர்த்து, அதே சுவரில் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுக்கு முந்தைய கடைசி இடைப்பனிக் காலத்தின் (இரு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலத்தின்) தொல்மண்ணுக்குக் கீழே கிடைத்த ஓடு ஒன்றையும் அளக்கச் சொல்ல வேண்டும். அதில் கார்பன்-14 இருக்கவே கூடாது. அது 42,000 என்று காட்டினால், புதைந்த பிறகும் கழுவும்போதும் புகுந்த இளைய கார்பனின் அளவு தெரிந்துவிடும். அந்தச் சுவரில் 42,000ஐ நெருங்கும் எந்த எண்ணும் வயதல்ல, எல்லை.

இளைய கார்பனின் பிழை செத்த கார்பனின் பிழையைப் போன்றதல்ல. அது வயதோடு வளர்கிறது. 20,000 கதிரியக்கக் கார்பன் ஆண்டு வயதுள்ள ஓட்டில் 1% இக்காலக் கார்பன் கலந்தால் ஏறத்தாழ 840 ஆண்டு குறைவாகத் தெரியும். 35,000 ஆண்டு ஓட்டில் அதே 1% கலந்தால் குறைவு 4,600 ஆண்டு. கார்பன்-14 சிறிதும் இல்லாத ஓட்டில் கலந்தால் அது 37,000 ஆண்டு வயதுள்ளதாக நடிக்கும்.

கிடைத்த எண்ணை அப்படியே நாட்காட்டி ஆண்டாகக் கொள்ளக் கூடாது. வளிமண்டலத்தில் கார்பன்-14 காலந்தோறும் மாறியதால் அளவுத்திருத்தம் தேவை. வட அரைக்கோளத்துக்கு இன்ட்கால்20 என்ற வளைவு, 1950ஐத் தொடக்கமாகக் கொண்டு 55,000 ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. தென் அரைக்கோளத்து லோயசுக்கு எஸ்எச்கால்20. திருத்தத்தின் அளவு சிறிதல்ல: 20,000 கதிரியக்கக் கார்பன் ஆண்டு என்பது ஏறத்தாழ 24,000 நாட்காட்டி ஆண்டு. செத்த கார்பனுக்காக எதையேனும் கழிப்பதாக இருந்தால், திருத்தத்துக்கு முன்பே கழிக்க வேண்டும். கழிக்கும் அளவையும் ஊகிக்கக் கூடாது; அதே அடுக்கில் கரித்துண்டும் ஓடும் இணையாகக் கிடைத்தால் இரண்டையும் அளந்து வேறுபாட்டைக் காணலாம், அல்லது அதே நிலத்தில் 1950க்கு முன் சேகரிக்கப்பட்ட அருங்காட்சியக ஓடுகளை அளக்கலாம். பிந்தைய ஆண்டுகளின் ஓடுகளில் அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன்-14 ஏறியிருக்கும் என்பதால் கணக்கு சிக்கலாகும்.

அமினோ அமில முறை

உயிருள்ள நத்தையின் புரதத்தில் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ அனைத்தும் இடக்கை வடிவில் இருக்கும். இறந்த பிறகு அவை மெல்ல வலக்கை வடிவுக்கு மாறி, பெரும்பாலானவற்றில் இரண்டும் சமமாகும்வரை இந்த மாற்றம் தொடர்கிறது. வேதியியல் பாடநூல்கள் இதைச் சுழிமாய்க் கலவையாதல் என்கின்றன. வலக்கை, இடக்கை வடிவங்களின் விகிதம் சுழியத்திலிருந்து ஏறுகிறது. பலரும் அளந்த ஐசோலூசினில் அது 1.3 அளவில் நிற்கிறது. அஸ்பார்டிக் அமிலம் வேகமாக மாறுவதால் இளைய அடுக்குகளைப் பிரித்துக் காட்டும்; வேலின் போன்றவை மெதுவாக மாறுவதால் மூத்த அடுக்குகளுக்கு உதவும்.

இந்த மாற்றத்தின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதே இதன் பலவீனம். ஆகவே தரைமட்டத்திலிருந்து 2 மீட்டருக்குள் கிடைத்த ஓடுகளைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் கோடைவெயில் அவற்றின் கடிகாரத்தை ஓட்டிவிட்டிருக்கும். வெவ்வேறு தட்பவெப்பம் உள்ள நாடுகளின் விகிதங்களை நேரடியாக ஒப்பிடவும் கூடாது. பேரினத்துக்குப் பேரினம் வேகம் மாறுவதால் பேரினம் கலவாமல் அளக்க வேண்டும். ஓட்டைப் பொடித்து 12% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 48 மணி நேரம் ஊறவைத்தால், படிகத்துக்கு வெளியே ஒட்டிய புரதம் அழிந்து, படிகத்துக்குள் பூட்டப்பட்டது மட்டும் மிஞ்சும். அதை 110 டிகிரி வெப்பத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சிதைத்து, நீர்ம நிறப்பகுப்பியில் அளப்பார்கள். அடுக்குக்கு ஐந்து ஓடுகளுக்குக் குறையாமல் தனித்தனியே அளந்தால்தான் சிதறல் தெரியும்.

மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலும் நடு ஐரோப்பாவிலும் லோயஸ் அடுக்குகளை இடத்துக்கு இடம் பொருத்திப் பார்க்க இந்த முறையை ஓக்ஸ், மெக்காய் முதலியோர் விரிவாகப் பயன்படுத்தினர். கடைசிப் பனியுக லோயசையும் அதற்கு முந்தைய பனியுகத்தினதையும் இது தெளிவாகப் பிரிக்கிறது. என் கருத்தில் இதன் பெரிய பயன் வேறொன்று: கதிரியக்கக் கார்பனுக்கு ஓடுகளை அனுப்பும் முன் அதே அடுக்கின் ஓடுகளில் இதைச் செய்து பார்த்தால், நான்கு ஒரு விகிதத்திலும் ஐந்தாவது வேறொன்றிலும் நிற்பதைக் கொண்டு அந்த அடுக்கு கலங்கியது என்று செலவுக்கு முன்பே தெரிந்துவிடும்.

எண்களை அடுக்கோடு பொருத்துதல்

ஆழம் ஒரு பக்கமும் வயது ஒரு பக்கமுமாக வரைந்தால் சில எண்கள் வரிசை தவறி நிற்கும். அவற்றை உடனே அழித்துவிடக் கூடாது. களத்தில் வரைந்த படத்துக்குத் திரும்பி அங்கே பொந்து இருந்ததா, அரிப்பு இருந்ததா, அந்த மாதிரியில் செசிலியாய்டஸ் கிடைத்ததா, எந்தச் சிற்றினம் என்று பார்க்க வேண்டும். காரணம் கிடைத்தால் காரணத்தோடு விலக்கலாம், கிடைக்காவிட்டால் அந்த எண்ணும் கணக்கில் இருக்க வேண்டும். ஆக்ஸ்கால், பேக்கன் போன்ற பேய்சிய (நிகழ்தகவு சார்ந்த) கணினி நிரல்கள் கீழடுக்கு மூத்தது என்ற அறிவையும் எண்களின் பிழையையும் சேர்த்து ஆழம்–வயது வளைவைத் தருகின்றன. அரிப்பால் இடைவெளி விழுந்த இடத்தை நாம் சொல்லாவிட்டால் நிரல் அதன்மேல் ஒரு வழுவழுப்பான கோட்டை இழுத்துவிடும்.

தொடர்பற்ற வேறொரு முறையால் குறைந்தது ஓரிரு இடங்களிலாவது சரிபார்ப்பது அவசியம். ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை, குவார்ட்ஸ் துகள் கடைசியாக வெளிச்சம் கண்ட நேரத்தை அளப்பதால், லோயசின் வயதை நேரடியாகவே சொல்கிறது. அதன் பிழை வழக்கமாக 5 முதல் 10% என்பதால், 25,000 ஆண்டில் அது ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு முன்பின்னாகும். எரிமலைச் சாம்பல் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை: கீழ் டான்யூப் லோயசில் காணப்படும், இத்தாலிய எரிமலை வெடிப்பொன்றின் கம்பானியச் சாம்பல் ஏறத்தாழ 40,000 ஆண்டு பழையது. ஜெர்மனியின் நுஸ்லோக்கில் மண்புழுக்கள் சுரந்த கால்சைட் மணிகளை அளந்து 2017இல் வெளியான ஆய்வு, லோயசுக்கு இடையிலான மண் அடுக்குகளைக் கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் பதிவான வெப்ப இடைவேளைகளோடு பொருத்திக் காட்டியது. நத்தை ஓடு அரிதாகும் அடுக்குகளில் அந்த மணிகளைத் தேடலாம்.

வயதுகள் நிலைபெற்றதும் தூசி வீழ்ந்த வேகத்தைக் கணிக்கலாம். 26,000க்கும் 22,000க்கும் இடைப்பட்ட 2 மீட்டர் லோயஸ் என்றால் ஆண்டுக்கு அரை மி.மீ.; கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அடர்த்தி என்று கொண்டால் சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் 750 கிராம் தூசி. ஆனால் மேலும் கீழும் உள்ள இரு வயதுகளிலும் தலா 500 ஆண்டுப் பிழை இருந்தால், எதிரெதிர்த் திசையில் விலகும் நிலையில் 4,000 ஆண்டு என்பது 3,000ஆகவோ 5,000ஆகவோ இருக்கலாம். தூசியின் அளவும் 1,000 கிராமுக்கும் 600 கிராமுக்கும் இடையில் ஆடும். இந்த வீச்சையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முடிவை வெளியிடும்போது திருத்தப்படாத வயது, அதன் பிழை, ஆய்வகக் குறியீடு, சிற்றினம், சேர்த்த ஓடுகளின் எண்ணிக்கை, அமிலத்தில் கரைத்த விழுக்காடு, பயன்படுத்திய அளவுத்திருத்த வளைவு, சுவரின் உச்சியிலிருந்து ஆழம் ஆகிய அனைத்தையும் தர வேண்டும். வளைவு புதுப்பிக்கப்படும்போது பிறர் மீண்டும் கணக்கிட இவை தேவைப்படும். அளந்தது போக மிஞ்சிய ஓடுகளை ஆழச் சீட்டோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்துவிட வேண்டும்.